இந்த வாரம் யாரு முன்னாடி? பிரிட்டன் கருத்துக்கணிப்பு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லண்டனுக்கு வந்தது 2014 கடைசில. அடுத்த மே மாசமே எலக்ஷன். அன்னிக்கு ராத்திரி கருத்துக்கணிப்பு மொத்தமும் குப்புற விழுந்ததை டிவில பாத்ததுல இருந்து இந்தப் பைத்தியம் புடிச்சிருச்சு. ஆபீஸ்லயும் சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்லயும் திரும்பத் திரும்ப அதே கேள்வி வருது, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். இனிமே யாராவது கேட்டா இதை அனுப்பிட்டு நான் டீ போடப் போயிடுவேன். எழுதறது 2025 டிசம்பர், அதை மனசுல வெச்சு படிங்க.

சரி, இப்ப யாரு முன்னாடி?

ரிஃபார்ம் யூகே. நைஜல் ஃபராஜோட கட்சி. 2025 மே மாசத்துல இருந்து கிட்டத்தட்ட எல்லா போல்லயும் (கருத்துக்கணிப்புலயும்) அவங்கதான் முதல், 30 சதவீதத்தை ஒட்டி மேலயும் கீழயுமா ஓடிட்டு இருக்காங்க. ஆளுங்கட்சி லேபரும், நூறு வருஷத்துக்கு மேல மாறி மாறி ஆண்ட கன்சர்வேட்டிவும் 20-ஐ சுத்தி அல்லது அதுக்கும் கீழ. பின்னாடியே லிபரல் டெமாக்ரட், கிரீன். செப்டம்பர்ல ஸாக் போலன்ஸ்கி தலைவரா வந்ததுக்கு அப்புறம் கிரீன் நல்லா ஏறிட்டாங்க.

ஆக ஒரு கட்சி 30-ல, மத்த நாலும் பத்துல இருந்து இருபதுக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குது. இந்த ஊர் அரசியல்ல இப்படி ஒரு படம் இதுக்கு முன்னாடி வந்ததில்ல. 1951-ல லேபரும் கன்சர்வேட்டிவும் சேந்து வாங்கினது 97 சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மி, 2024-ல ரெண்டும் சேந்து 57 தான்.

2024-ல லேபர் அலை அடிச்சு ஜெயிச்சாங்களே, ஒரே வருஷத்துல எப்படி இப்படி சரிஞ்சாங்க?

எல்லாரும் கேக்கற கேள்வி இதான். அலை அடிச்ச மாதிரி தெரிஞ்சுது, ஆனா தண்ணி முழங்கால் அளவுதான்.

கணக்கைப் பாருங்க. 2024 ஜூலை 4-ல லேபருக்கு 411 சீட், ஓட்டு 33.7 சதவீதம். தனியா மெஜாரிட்டி வாங்கின ஒரு கட்சிக்கு இவ்ளோ கம்மியான ஓட்டு சதவீதம் இந்த ஊர் சரித்திரத்துலயே கிடையாது. 2017-ல அப்போதைய லேபர் தலைவர் ஜெரெமி கார்பின் 40 சதவீதம் வாங்கினார், 262 சீட், தோல்வி. 2019-ல அதே கார்பின் ஒரு கோடி ஓட்டுக்கு மேல வாங்கி 202 சீட்டோட மண்ணைக் கவ்வினார், 1935-க்கு அப்புறம் மோசமான தோல்வின்னு பேப்பர்ல எல்லாம் எழுதினாங்க. ஸ்டார்மர் 2024-ல வாங்கினது சுமார் 97 லட்சம் ஓட்டு, அதாவது அந்த மோசமான தோல்வியை விட கம்மி! ஸ்டார்மர் பிரதமர், கார்பின் கட்சிலயே இல்ல.

அப்ப ஜெயிச்சது எப்படின்னா எதிர்ல கன்சர்வேட்டிவ் ஓட்டு ரெண்டா பிளந்துச்சு, 23.7 அவங்களுக்கு, 14.3 ரிஃபார்முக்கு. ஓட்டு போட வந்தவங்களே 60 சதவீதம்தான். கோவத்துல போட்ட ஓட்டு, பாசத்துல போட்டது இல்ல. அஸ்திவாரம் இல்லாத வீடு லேசா ஆட்டினாலே விரிசல் விடும், இவங்க நல்லாவே ஆட்டிட்டாங்க. வந்த மாசமே பென்ஷன்காரங்களோட குளிர்கால எரிபொருள் பணத்துல கை வெச்சாங்க, கிட்டத்தட்ட ஒரு கோடி பேருக்கு நின்னு போச்சு, அடுத்த வருஷம் ஜூன்ல பெரும்பாலானவங்களுக்குத் திருப்பிக் குடுத்தாங்க. திட்டும் வாங்கியாச்சு, பணமும் மிச்சமாகல. அப்புறம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைல அதே கதை, சொந்தக் கட்சிக்காரங்களே எதிர்த்து பின்வாங்க வெச்சாங்க. 2025 செப்டம்பர்ல இப்ஸோஸ்ங்கற போல் கம்பெனி கேட்டப்ப ஸ்டார்மர் வேலைல திருப்தின்னு சொன்னவங்க 13 சதவீதம், 1977-ல இருந்து அவங்க கேட்டுட்டு வர்ற பிரதமர் எல்லார்லயும் மோசமான ஸ்கோர் இதுதான்.

இன்னொன்னு, நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. லேபர் ஓட்டு எல்லாம் அப்படியே ரிஃபார்முக்குப் போகல. போனதுல ஒரு பங்குதான் அங்க, அதை விட அதிகம் கிரீன், லிபரல் டெமாக்ரட், "இன்னும் முடிவு பண்ணல" பக்கம் போயிருக்கு. ரிஃபார்ம் சாப்பிடறது முக்கியமா கன்சர்வேட்டிவ் சோத்தைத்தான்.

ஓட்டுக்கும் சீட்டுக்கும் ஏன் சம்பந்தமே இல்லாம இருக்கு?

நம்ம ஊர் முறையேதான், தொகுதில யாரு அதிகமோ அவர் எம்பி, ரெண்டாவது வந்தவருக்கு ஒண்ணும் கிடையாது. சொல்லப்போனா நமக்கு இந்த முறையே இவங்க குடுத்துட்டுப் போனதுதான். ரெண்டு கட்சி மட்டும் இருந்தா இது ஓரளவு வேலை செய்யும், அஞ்சு கட்சி வந்தா லாட்டரி.

உதாரணத்துக்கு சவுத் வெஸ்ட் நார்ஃபோக் தொகுதி, முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸோடது. 2019-ல அம்மணி 69 சதவீதம் வாங்கி 26,195 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. கோட்டைன்னா கோட்டை. 2024-ல லேபர்காரர் 26.7 சதவீதம் வாங்கி அவங்களை 630 ஓட்டுல தோக்கடிச்சார். திரும்பப் படிங்க, 26.7. நாலு பேர்ல மூணு பேர் வேண்டாம்னு சொன்ன ஒருத்தர் எம்பி. ரிஃபார்ம் 22 சதவீதத்துக்கு மேல, கன்சர்வேட்டிவ்ல இருந்து கோச்சுக்கிட்டு சுயேச்சையா நின்னவர் 14 சதவீதம், எல்லாம் பிரிச்சு எடுத்துட்டாங்க. விடிகாலைல ரிசல்ட் சொல்ற மேடைக்கு ட்ரஸ் லேட்டா வந்து கடைசில நின்னாங்க, கூட்டம் மெதுவா கை தட்டிட்டு இருந்துச்சு, தோல்விக்கு அப்புறம் பேசாமலே இறங்கிப் போயிட்டாங்க. அந்த ராத்திரி நான் தூங்கவே இல்ல, அடுத்த நாள் மேனேஜருக்கு உடம்பு சரியில்லன்னு மெசேஜ்.

நாடு முழுக்க பாத்தா லேபருக்கு ஒரு எம்பி கிடைக்க 23,600 ஓட்டு போதும், லிபரல் டெமாக்ரட்டுக்கு 49,000. ரிஃபார்முக்கு 41 லட்சம் ஓட்டு வாங்கி 5 எம்பி, அதாவது ஆளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல. லிபரல் டெமாக்ரட் அவங்களை விட கம்மியா 35 லட்சம் வாங்கி 72 எம்பி! ஓட்டு ஒரே இடத்துல குமிஞ்சிருந்தா லாபம், வெண்ணெய் தடவின மாதிரி நாடு பூரா பரவியிருந்தா நஷ்டம். ஆனா அந்த 41 லட்சம் வீணாப் போச்சுன்னு நினைச்சவங்க இப்ப முழிக்கிறாங்க, ஏன்னா ரிஃபார்ம் 98 தொகுதில ரெண்டாவது வந்து கதவுகிட்டயே நிக்குது.

இந்த போல் எல்லாம் எப்படி எடுக்கறாங்க? என்னை யாரும் கேட்டதே இல்லையே?

இந்தியா மாதிரி வீடு வீடா வர்றது இப்ப இங்க ரொம்பக் கம்மி. பெரும்பாலும் ஆன்லைன் பேனல். நாமளே போய் மெம்பர் ஆகணும், அப்புறம் அவங்க ஈமெயில் அனுப்புவாங்க.

நான் ஒரு கம்பெனில சேந்தேன். ஒரு நாள் ட்ரெயின்ல உக்காந்து ஃபில் பண்ணினது நல்லா ஞாபகம் இருக்கு. முதல் கேள்வி எந்த சூப்பர் மார்க்கெட்ல காய் வாங்கறீங்க, அடுத்தது நாய் வளக்கறீங்களா, அப்புறம் சோப்புத்தூள் ஒண்ணு ரெண்டு கேள்வி, நடுவுல திடீர்னு "நாளைக்கே பொதுத்தேர்தல் வந்தா எந்தக் கட்சிக்கு ஓட்டு போடுவீங்க?", அதுக்கு அப்புறம் "ஓட்டு போடப் போவீங்கன்னு 0-ல இருந்து 10-க்குள்ள சொல்லுங்க", மறுபடி நாய் பிஸ்கட். அவ்ளோதான். அடுத்த நாள் பேப்பர்ல "லேபர் சரிவு"ன்னு கொட்டை எழுத்துல வந்தது என்னையும் என்னை மாதிரி ரெண்டாயிரம் பேரையும் வெச்சுதான். பாயிண்ட் சேத்து ஒரு கிஃப்ட் கார்டு வாங்க ரெண்டு வருஷம் ஆச்சுங்கறது தனி சோகம்.

இப்படி நாய் பிஸ்கட் கேள்விக்கு எல்லாம் பொறுமையா பதில் சொல்றவன் சாதாரண ஆள் இல்ல, அதான் சிக்கலே. அரசியல்ல ஆர்வம் இருக்கறவன்தான் இதுல அதிகமா வருவான். அதனால கம்பெனிக்காரங்க வயசு, ஆணா பொண்ணா, படிப்பு, ஏரியா, போன தடவை யாருக்குப் போட்டீங்க இதெல்லாம் பாத்து ஒவ்வொருத்தர் பதிலுக்கும் எடை போடுவாங்க. வயசான, படிப்பு கம்மியான ஆளுங்க சாம்பிள்ல குறைவா வந்திருந்தா வந்த ஒருத்தரோட பதிலை ஒன்றரை ஆளா கணக்கு வெப்பாங்க. சமையல்ல உப்பு சரிபாக்கற மாதிரி, கை தேர்ந்தவங்க போட்டா சரியா வரும், தப்பாப் போட்டா மொத்தமும் போச்சு.

வட அயர்லாந்தைப் பொதுவா இந்த போல்ல சேக்க மாட்டாங்க. அங்க கட்சிகளே வேற, 18 சீட்.

ஒரே வாரத்துல ஒரு கம்பெனி 31, இன்னொரு கம்பெனி 26 சொல்லுது. யாரை நம்பறது?

ரெண்டு காரணம். ஒண்ணு சாதாரணமா வர்ற ஏத்த இறக்கம். ஆயிரம் பேரைக் கேட்டா மூணு புள்ளி மேலயோ கீழயோ தப்பறது சகஜம். அதனால "ரிஃபார்ம் 2 பாயிண்ட் இறங்கிச்சு, பரபரப்பு"ன்னு செய்தி வந்தா அடுத்த பக்கத்தைத் திருப்பிருங்க.

ரெண்டாவது ஒவ்வொரு கம்பெனியும் "தெரியல"ன்னு சொன்னவங்களை என்ன பண்றாங்கங்கறது. சிலர் அவங்களை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு மீதியை நூறுக்குக் கணக்கு போடுவாங்க. சிலர் இவர் எப்படி ஆளு, போன தடவை என்ன செஞ்சாருன்னு பாத்து ஒரு கட்சில உக்கார வெப்பாங்க. ஓட்டு போடுவேன்னு உறுதியா சொன்னவங்களை மட்டும் எடுக்கற கம்பெனியும் இருக்கு, அதுல ஆவேசமான ஆதரவாளர் இருக்கற கட்சி உசரமா தெரியும். அதனால ஒரே கம்பெனியோட போன மாசத்தையும் இந்த மாசத்தையும் ஒப்பிடுங்க, இல்லேன்னா எல்லாத்தோட சராசரி பாருங்க. பிரிட்டிஷ் போலிங் கவுன்சில்னு ஒண்ணு 2004-ல இருந்து இருக்கு, அதுல மெம்பரா இருக்கற கம்பெனி கேட்ட கேள்வி, எத்தனை பேரு, எப்படி எடை போட்டாங்க எல்லாத்தையும் வெளிய வெக்கணும். டேபிளே காட்டாத போல் ஃபேஸ்புக்ல வந்தா அது கிளி ஜோசியம்.

போல் எப்பவுமே தப்பாத்தானே போகுது?

எப்பவும் இல்ல, ஆனா போனா அசிங்கமா போகுது. 1945-ல காலப் (Gallup) கம்பெனியோட போல் லேபர் முன்னாடின்னு சொன்னப்ப யாரும் கண்டுக்கவே இல்ல, போரை ஜெயிச்ச சர்ச்சில் தோப்பாரான்னு. தோத்தார்.

1992-ல தலைகீழ். கடைசி வரைக்கும் லேபர் ஒரு மயிரிழை முன்னாடி இல்லேன்னா சமம்னு சொன்னாங்க, கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் மேஜர் ஏழரை புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சார். அப்பதான் "ஷை டோரி"ங்கற பேச்சு வந்துச்சு, அதாவது கன்சர்வேட்டிவுக்குப் போடறதை வெளிய சொல்ல கூச்சப்படற ஆளு. 2015-லயும் சமம் சமம்னு வாசிச்சாங்க, கன்சர்வேட்டிவ் பிரதமர் கேமரன் ஆறரை புள்ளி முன்னாடி வந்து மெஜாரிட்டி வாங்கினார். ராத்திரி பத்து மணிக்கு எக்ஸிட் போல் வந்தப்ப லிபரல் டெமாக்ரட் பழைய தலைவர் பேடி ஆஷ்டவுன் "இது உண்மைன்னா என் தொப்பியைத் தின்னுடறேன்"னு லைவ்ல சொன்னார். அவங்களுக்கு அந்தக் கணிப்பை விட மோசமாவே ஆச்சு. நான் ஷேரிங் ரூம்ல, ஹீட்டர் வேலை செய்யாத வீட்ல, போர்வைக்குள்ள இருந்து லேப்டாப்ல டிவி பாத்து சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

அந்தத் தடவை பேராசிரியர்கள் விசாரணைக் குழு போட்டு பாத்தாங்க. கூச்சமெல்லாம் பெரிய காரணம் இல்ல, சாம்பிள்ல லேபர் ஆளுங்க அதிகம், எழுபது தாண்டின பெரியவங்களும் அரசியல்ல ஆர்வமில்லாதவங்களும் கம்மி, அதான் தப்புன்னாங்க. அதாவது என் நாய் பிஸ்கட் சமாச்சாரம்தான்.

2017-ல அதைச் சரி பண்றேன்னு நிறைய கம்பெனி இளைஞர் ஓட்டை வெட்டினாங்க, இளைஞர் கார்பினுக்கு வந்து போட்டாங்க, இருபது புள்ளி முன்னாடி இருந்தப்ப எலக்ஷன் வெச்ச கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே மெஜாரிட்டியைத் தொலைச்சாங்க. 2024-ல லேபர் பெருசா ஜெயிச்சதால யாரும் கம்பெனிகளைத் திட்டல. ஆனா லீட் 18, 19 புள்ளின்னு சொன்னது நிஜத்துல பத்துதான். 1992 அளவுக்கு தப்பு. ஜெயிக்கற குதிரையைச் சரியா சொன்னா எவ்ளோ தூரத்துல ஜெயிச்சுதுன்னு யாரும் அளக்க மாட்டாங்க போல.

எம்ஆர்பின்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேறயா?

சாமான் மேல போட்டிருக்கற எம்ஆர்பி இல்ல, அதைக் கேட்டு எங்க மாமா சிரிச்சார். பத்தாயிரம், இருபதாயிரம் பேரைக் கேட்டு, எந்த வயசு, எந்தப் படிப்பு, எந்த மாதிரி ஏரியா ஆளு எந்தக் கட்சிக்குப் போடறான்னு ஒரு மாடல் கட்டி, அதை ஒவ்வொரு தொகுதியோட ஜனத்தொகை மேல பொருத்தி சீட் கணக்கு சொல்றது. உங்க தொகுதில ஒருத்தரைக் கூட பெருசா கேக்காமலே உங்க தொகுதி ரிசல்ட் சொல்லும். 2017-ல மெஜாரிட்டி வராதுன்னு யூகவ் கம்பெனியோட எம்ஆர்பி சொன்னப்ப கிண்டல் பண்ணினாங்க, அதுதான் நடந்துச்சு, அதுல இருந்து எல்லாரும் இதுக்கு மாறிட்டாங்க. ஆனா வேதவாக்கு இல்ல. 2024-ல கடைசியா யூகவ் லேபருக்கு 431 சொல்லிச்சு, சர்வேஷன் 484 சொல்லிச்சு, வந்தது 411. நாடு முழுக்க கணக்கு எட்டு ஒன்பது புள்ளி தப்பினா மாடலும் சேந்து தப்பும்.

எக்ஸிட் போல் மட்டும் எப்படி அவ்ளோ கரெக்டா வருது?

அது "போடுவீங்களா"ன்னு கேக்கறதில்ல, போட்டு முடிச்சவனைக் கேக்கறது. நாடு முழுக்க 130 ஒட்டி பூத், முடிஞ்ச வரைக்கும் போன தடவை நின்ன அதே பூத்துங்க. ஓட்டு போட்டுட்டு வெளிய வர்றவர்கிட்ட ஓட்டுச்சீட்டு மாதிரியே ஒரு காகிதம் குடுப்பாங்க, அவர் மறைவா டிக் பண்ணி அங்க இருக்கற பெட்டில போட்டுட்டுப் போவார். வாயால சொல்ல வேண்டாம், கூச்சமும் வேண்டாம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் அந்த பூத்ல எவ்ளோ மாறிச்சுங்கறதைத்தான் பாக்கறாங்க, சும்மா மொத்தத்தை இல்ல. ஸ்காட்லாந்து ஸ்ட்ராத்க்ளைட் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஜான் கர்ட்டிஸும் அவர் டீமும் நாள் பூரா ஒரு ரூம்ல அடைஞ்சு கிடந்து கணக்கு போடுவாங்க, பத்து மணிக்கு முன்னாடி வெளிய சொன்னா சட்டப்படி குத்தம்.

2005-ல மெஜாரிட்டி 66-னு சொன்னாங்க, அச்சு அசலா 66. 2019-ல கன்சர்வேட்டிவ் 368 சொல்லி 365 வந்துச்சு. 2024-ல லேபர் 410 சரி, ஆனா ரிஃபார்முக்கு 13 சொல்லி 5 தான் வந்துச்சு. கட்சி நிறைய ஆனா எக்ஸிட் போலுக்கும் வேர்க்கும்.

எலக்ஷனுக்கு மூணு வருஷம் இருக்கறப்ப முன்னாடி இருந்தா அதுக்கு அர்த்தம் உண்டா?

கொஞ்சமா உண்டு. 1981 டிசம்பர்ல லேபர்ல இருந்து பிரிஞ்சு வந்த எஸ்டிபியும் லிபரலும் சேந்த கூட்டணி காலப் போல்ல 50 சதவீதத்தைத் தொட்டுச்சு. ஐம்பது! நாடே மாறப்போகுதுன்னாங்க. அடுத்த வருஷம் ஃபாக்லாண்ட் போர், தாட்சர் ஏறினார், 1983-ல அந்தக் கூட்டணி 25.4 சதவீதம் வாங்கி 23 சீட், லேபர் 27.6 வாங்கி 209 சீட். ரெண்டு புள்ளி வித்தியாசத்துக்கு 186 சீட் வித்தியாசம், வயித்தெரிச்சல்ல எத்தனை பேரு தூங்காம இருந்தாங்களோ. 1990-ல தலைவரி கலாட்டால லேபர் இருபது புள்ளிக்கு மேல முன்னாடி இருந்தாங்க, தாட்சரை மாத்தி மேஜரைக் கொண்டு வந்ததும் எல்லாம் கரைஞ்சுது. 2010-ல டிவி விவாதம் ஒண்ணுல நல்லா பேசினதுக்கு நிக் கிளெக் கட்சி முப்பதைத் தாண்டிச்சு, மூணே வாரத்துல 23-க்கு வந்து போன தடவையை விட அஞ்சு சீட் கம்மி.

ஆனா எல்லா சரிவும் மீளாது. 2022 செப்டம்பர் 23 ட்ரஸ் அரசோட மினி பட்ஜெட். எங்க வீட்டு மார்ட்கேஜ் ஃபிக்ஸட் ரேட் முடியற நேரம் அது. திங்கக்கிழமை ஒரு ரேட் பாத்து வெச்சிருந்தேன், புதன்கிழமை அந்தத் திட்டத்தையே தூக்கிட்டாங்க, அடுத்து வந்த ரேட்டைப் பாத்துட்டு என் மனைவி கால்குலேட்டரைக் கவுத்து வெச்சுட்டா. 29-ஆம் தேதி யூகவ் போல்ல லேபர் 54, கன்சர்வேட்டிவ் 21. முப்பத்து மூணு புள்ளி. ட்ரஸ் போயி சுனக் வந்து பொருளாதாரம் கொஞ்சம் நிதானமானதுக்கு அப்புறமும் அந்தக் கட்சி எழுந்திரிக்கவே இல்ல. பேச்சுல வந்த ஏத்தம் பேச்சோட போயிரும், மாசாமாசம் பேங்க்ல கட்டற பணத்துல வந்த கோவம் அப்படிப் போகாது. நான் பாத்த வரைக்கும் ஒரு சரிவு நிக்குமா நிக்காதாங்கறதுக்கு இதை விட நல்ல அளவுகோல் கிடைக்கல.

அப்ப ஃபராஜ் பிரதமர் ஆயிடுவாரா?

ஆகலாம். 2025 மே 1-ல உள்ளாட்சித் தேர்தல்ல 677 கவுன்சிலர் சீட் ஜெயிச்சு பத்து கவுன்சிலைப் புடிச்சாங்க. அதே நாள் ரன்கார்ன் இடைத்தேர்தல், லேபர் போன வருஷம் 14 ஆயிரத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்ச தொகுதி, ரிஃபார்ம் ஆறு ஓட்டுல ஜெயிச்சாங்க. ஆறு. ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்தா ரிசல்ட் மாறியிருக்கும். ஆக போல்ல மட்டும் இல்ல, பெட்டிலயும் ஓட்டு விழுது. ஃபராஜ் முன்னாடி தலைவரா இருந்த யூகிப் கட்சி மாதிரி கிடையாது, அது 2015-ல 12.6 சதவீதம் வாங்கி ஒரே ஒரு சீட்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். அக்டோபர் 23, வேல்ஸ்ல கேர்ஃபிலி இடைத்தேர்தல், வேல்ஸ் சட்டமன்றத்துக்கு. லேபரோட நூறு வருஷக் கோட்டை. ரிஃபார்ம் முன்னாடின்னு ஒரு போல் வந்துச்சு. வந்ததும் ரிஃபார்மைத் தடுக்கணும்னு நினைச்சவங்க எல்லாரும் பிளைட் கம்ரிங்கற வேல்ஸ் கட்சி பின்னாடி ஒண்ணு சேந்துட்டாங்க, பிளைட் 47, ரிஃபார்ம் 36, லேபர் 11 சதவீதம். அந்த போலே அந்த போலைப் பொய்யாக்கிருச்சுன்னு சொல்லலாம். 30 சதவீதத்துக்கு ஆட்சி கிடைக்குமாங்கறது மீதி 70 ஒண்ணா நிக்குதா சிதறிக் கிடக்குதாங்கறதைப் பொறுத்தது. அதை எந்த வாராந்திர போலும் சொல்லாது.

ஒண்ணா நிக்கறதுன்னா கூட்டணியா?

இங்க நம்ம ஊர் மாதிரி தொகுதிப் பங்கீடு பேசி மேடைல கை தூக்கற வழக்கம் இல்ல. ஜனங்களே செய்வாங்க. பிடிச்ச கட்சி ஜெயிக்காதுன்னா பிடிக்காதவனைத் தோக்கடிக்கற கட்சிக்குப் போடறது. ஆனா உங்க தொகுதில யாரு ரெண்டாவதுன்னு தெரியணுமே, அங்கதான் நோட்டீஸ் வரும். எங்க வீட்டு லெட்டர் பாக்ஸ்ல ஒரு கட்சி போட்ட நோட்டீஸ்ல பார் சார்ட், "இங்க நாங்க மட்டும்தான் ஜெயிக்க முடியும்"னு. எதிர்க்கட்சிக்கு 28, அவங்களுக்கு 26, மூணாவதுக்கு 24, ஆனா மூணாவது கட்டம் மட்டும் சுண்டு விரல் உசரம். என் பையன் ஸ்கேல் வெச்சு அளந்து "இந்த மார்க்குக்கு எங்க மேத்ஸ் டீச்சர் முட்டை போடுவாங்க"ன்னான்.

கன்சர்வேட்டிவ் அவ்ளோதானா?

எழுதி முடிச்சுடாதீங்க. 2019 மே மாசம் ஐரோப்பியத் தேர்தல்ல அவங்களுக்கு 8.8 சதவீதம், ஏழு மாசத்துல போரிஸ் ஜான்சன் 43.6 வாங்கினார். ஆனா அப்ப ஃபராஜ் கட்சி அவங்க ஜெயிச்சிருந்த தொகுதில எல்லாம் விலகி நின்னுச்சு, இப்ப நிக்காது. எம்பி டேனி க்ரூகர் மாதிரி ஆளுங்க அந்தப் பக்கம் தாவறதும் நடக்குது.

நம்ம தமிழ் ஆளுங்க இருக்கற ஏரியால என்ன நிலைமை?

"தமிழ் ஓட்டு"ன்னு தனியா எந்த தேசிய போலும் எடுக்கறதில்ல, சாம்பிள்ல நாலு பேரு வந்தா அதிகம். யாராவது நம்பர் சொன்னா நம்பாதீங்க. ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்றேன். 2024-ல ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதில ஈழத்தமிழ்க் குடும்பத்துல பொறந்த உமா குமாரன் லேபர்ல ஜெயிச்சார். அதே ராத்திரி பிரிஸ்டல் சென்ட்ரல்ல, அப்பா வழில தமிழ் வேர் இருக்கற தங்கம் டெபனேர், ஜெயிச்சிருந்தா மந்திரி ஆகியிருப்பார், கிரீன் கட்சிகிட்ட தோத்தார். லேபர் 411 வாங்கின ராத்திரில தோக்கறது எவ்ளோ வலியோ.

நாடே கன்சர்வேட்டிவை விரட்டினப்ப ஹாரோ ஈஸ்ட்ல பாப் பிளாக்மேன் பாதிக்கு மேல ஓட்டு வாங்கி நின்னார், லெஸ்டர் ஈஸ்ட்ல லேபர் ஓட்டு சிதறி கன்சர்வேட்டிவ் புதுசா ஜெயிச்சாங்க. அலைன்னு சொன்னா எல்லாத் தெருவுலயும் ஒரே மாதிரி தண்ணி ஏறும்னு நினைக்காதீங்க.

இங்க டெபாசிட் போகுமா?

போகும். 500 பவுண்டு, 5 சதவீதம் வாங்கலேன்னா காலி. நம்ம ஊர்ல ஆறுல ஒரு பங்கு வேணும், இங்க அந்த விஷயத்துல இரக்கம் ஜாஸ்தி.

எலக்ஷன்ல பெட் கட்டலாமா?

சட்டப்படி கட்டலாம். ஆனா 2024-ல தேர்தல் தேதி முன்கூட்டியே தெரிஞ்சு பெட் கட்டினாங்கன்னு கன்சர்வேட்டிவ் வட்டாரத்து ஆளுங்க மாட்டின கூத்தும் நடந்துச்சு. என் காசு வேண்டாம்பா.

அடுத்து எப்ப தெரியும்?

பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட்டுக்குள்ள எப்ப வேணா வரலாம். அதுக்கு முன்னாடி 2026 மே 7, ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டமன்றம், லண்டன் கவுன்சில் எல்லாம் ஒரே நாள். வேல்ஸ்ல இந்தத் தடவை ஓட்டு விகிதப்படி 96 சீட், அதனால அங்க போல் நம்பருக்கும் சீட்டுக்கும் ஓரளவு ஒத்துப் போகும்.

நான் இந்தியன் பாஸ்போர்ட், ஸ்டூடண்ட் விசா. எனக்கு எதுக்கு இதெல்லாம்?

உங்களுக்கும் ஓட்டு இருக்குங்க! நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதுல வரும், 18 வயசாகி செல்லுபடியாகற விசாவோட இங்க குடியிருந்தா பார்லிமெண்ட் தேர்தல்லயே போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டாம். ஆன்லைன்ல அஞ்சு நிமிஷத்துல பதிவு பண்ணலாம். இங்கிலாந்துல இப்ப பூத்ல போட்டோ ஐடி காட்டணும், காமன்வெல்த் பாஸ்போர்ட்டும் அதுக்குச் செல்லும். ரன்கார்ன்ல வித்தியாசம் ஆறு ஓட்டு, ஞாபகம் இருக்கட்டும். உங்க ஷேரிங் ரூம்லயே எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க.